கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் ஞாபக மறதி வருமா? எங்கள் வீட்டு அனுபவம்

செல்லூர்க்காரி:
எங்கள் அத்தைக்கு 74 வயது. பேச்சில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் உப்புப் போட்ட குழம்புக்கே மறுபடி உப்புப் போடுவார். சாயங்காலமானால் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு, "உசிலம்பட்டி பஸ் போயிரும்டி" என்று வாசலுக்கு வந்துவிடுவார். பிறந்த வீடு அங்கேதான், இப்போது அதில் யாரும் இல்லை. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார்.

அதைப் பார்த்துப் பயந்து, என் வீட்டுக்காரர் தன் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். வயது 49, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 170க்கு மேல். 'மூளையே கொழுப்புதான், மாத்திரை அதைக் கரைத்துவிடும்' என்று வாட்ஸப்பில் வந்ததாம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்காவது மூளையில்தான் இருக்கிறது. ஆனால் அதை மூளையே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்து எல்டிஎல் அங்கே நுழைவதில்லை. "நீங்க சாப்பிடுற கறிதோசை மூளைக்குப் போகாது சார், ரத்தக்குழாய்லதான் படியும்" என்றார் டாக்டர். குழாய் அடைத்தால் மூளைக்கு ரத்தம் குறையும், பக்கவாதம் வரும், மறதியும் அந்த வழியாக வரலாம்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. நடுவயதில் ஏறும் எல்டிஎல் அதில் புதிதாகச் சேர்ந்தது. அத்தை வயதை விட இவர் வயதில்தான் கவனம் வேண்டும் என்று அதற்கப்புறம்தான் புரிந்தது. மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று.

திருமங்கலம்:
பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது அக்கா. ஸ்டாட்டின் என்கிற இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுபவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு மறதி, குழப்பம் வரலாம், நிறுத்தினால் சரியாகும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-லேயே மருந்துக் குறிப்பில் சேர்த்தது. எங்கள் அப்பாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்து, டாக்டரே கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தார். மறதி அப்படியே இருந்தது. திரும்பக் கொடுத்துவிட்டார். நாமாக நிறுத்தியிருந்தால் அவர் நெஞ்சுக்கு யார் பொறுப்பு?

மேலூர்:
அதே சமயம், மாத்திரை போட்டால் டிமென்ஷியா வராது என்றும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். வயதானவர்களுக்கு ஸ்டாட்டின் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வுகளில் டிமென்ஷியா குறையவில்லை. இருதயத்துக்கும் பக்கவாதத்துக்கும்தான் பலன் உறுதி. இன்னொன்று, டிமென்ஷியா தெரியவரும் முன்பே, சில வருடங்களாக ரத்தக் கொலஸ்ட்ரால் தானாக இறங்குவதும் உண்டு. எங்கள் அம்மாவின் ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார்.