தமிழ்நாடு மாதிரி இஞ்ச இலங்கையிலயும் சுவீப்பை, அதுதான் லொத்தர் ரிக்கற்றை, தடை செய்யோணுமோ?

கொக்குவிலான்:
தமிழ்நாட்டில 2003 ஜனவரியோட லொத்தரை முழுசா நிப்பாட்டிப் போட்டாங்கள், பக்கத்தில கேரளாவில 1967 இல தொடங்கினதை இண்டைக்கும் அரசாங்கமே நடத்துது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் குற்றம், கேரளாப் பக்கம் வருமானம். நான் தடை செய்யோணும் எண்ட கட்சிதான். அப்பா ஒவ்வொரு நாளும் பஸ் ஸ்ராண்டடியில ரெண்டு சுவீப் எடுத்தவர், அவர் செத்தாப் பிறகு அலுமாரித் தட்டில விரிச்ச பேப்பருக்குக் கீழ பார்த்தா ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டுக்கட்டா விழாத ரிக்கற், அம்மா எறிய மனமில்லாம இன்னும் வச்சிருக்கிறா.

கோண்டாவில் அக்கா:
தம்பி, வாசிக்கவே மனம் பாரமாக்கிடக்கு. ஆனா சட்டம் அங்க ரெண்டு பக்கமும் ஒண்டுதான், 1998 இல வந்த லொத்தர் ஒழுங்குபடுத்தல் சட்டம். அதின்ர 5ஆம் பிரிவில வெளி மாநில ரிக்கற்றைத் தடுக்கலாம் எண்டு கிடக்கு, ஆனா தன்ர லொத்தரை வித்துக்கொண்டு மற்றவையின்ரய மட்டும் தடுக்கேலாது எண்டு 1999 இல உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. தமிழ்நாடும் தன்ரயச் சேர்த்துத்தான் நிப்பாட்டினது. நிப்பாட்டி என்ன கண்டது, கேரளாக் குலுக்கலின்ர கடைசி மூண்டு இலக்கத்தை வச்சு மூண்டு நம்பர் லாட்டரி எண்டு களவா விக்கிறாங்கள், பொலிஸ் பிடிக்கப் பிடிக்க முளைக்குது. துண்டில எழுதித் தந்தவன் காசு தராட்டி ஆரிட்டப் போய் முறையிடுறது?

கொக்குவிலான்:
களவா நடக்குதெண்டு அரசாங்கமே கடை போடோணுமே அக்கா? இஞ்ச தேசிய லொத்தர் சபை 1963 நிதிச் சட்டத்தால வந்தது, அபிவிருத்தி லொத்தர் சபைக்கு 1997 இல தனிச்சட்டம். நானும் நீங்களும் றோட்டில குலுக்கிச் சீட்டு வித்தா பிடிச்சுக்கொண்டு போவாங்கள், அவை செய்தா சேவையாம்.

சுன்னாகம் பெடியன்:
அண்ணை, என்ர சித்தப்பாவுக்கு ஒரு கால் இல்லை. மூண்டு சில்லு வண்டியில பலகை கட்டி, காத்துக்குப் பறக்காம ரிக்கற்றுக்கு உடுப்புக் கிளிப் குத்தி வச்சு விக்கிறவர், அந்தக் கொமிசனிலதான் தங்கச்சி படிக்கிறாள். தடை எண்டா முதல் அடி அவருக்குத்தான்.

கொக்குவிலான்:
தம்பி, உங்கட சித்தப்பாவில எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு வேற தொழிலுக்குக் காசு குடுத்துப்போட்டுத் தடை செய்யட்டும், அதைத்தான் நானும் கேக்கிறன். அந்தக் கொமிசன் வாறது என்ர அப்பா மாதிரி ஆக்களின்ர சேட்டுப் பொக்கற்றில இருந்துதானே.