ஒன்றரை ஆண்டில் மூன்றாவது முறை: மலை இறங்கும் பிக்கப்பில் பிரேக் நடுக்கம், கைவிரிக்கும் வாரண்டி

கேள்வி: காரமடை லோடு வண்டி

வணக்கம். 2024 ஜனவரியில் ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் ஒன்றைத் தவணையில் எடுத்து, கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஆகியவற்றை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கி வருகிறேன். வண்டியை நானே ஓட்டுகிறேன்; வேறு ஓட்டுநர் கிடையாது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. எனக்கு வேண்டியது வழி மட்டுமே.

முதல் முறை 11,000 கிலோமீட்டரில் முன்பக்கம் இடது சக்கரத்தில் இரும்பு உரசும் சத்தம் வந்தது. சர்வீஸ் சென்டரில், பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் கட்டை) தேய்ந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு பக்கமும் புதிய பேட் போட்டு, டிஸ்க்கை லேத்தில் கொடுத்து முகம் தேய்த்துத் திருப்பித் தந்தார்கள். இரண்டாம் முறை 23,000 கிலோமீட்டரில், ஐம்பது வேகத்தில் வரும்போது பிரேக்கில் கால் வைத்தாலே ஸ்டியரிங் கையில் நடுங்கியது, பெடலும் காலைத் திருப்பித் தள்ளியது. மறுபடியும் பேட், மறுபடியும் லேத். இப்போது 34,000 கிலோமீட்டரில் அதே நடுக்கம் வந்திருக்கிறது. போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு மாலை முழு லோடுடன் இறங்கி, குஞ்சப்பனையைத் தாண்டியபோது பெடல் பஞ்சுபோல அமுங்கியது. இரண்டு மூன்று முறை மிதித்த பிறகே பிடித்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். ஆனால் பேட்டும் டிஸ்க்கும் தேய்மானப் பொருள்கள், அவற்றுக்கு வாரண்டி கிடையாது என்று மூன்று முறையும் பணம் கட்டச் சொன்னார்கள். மூன்றாம் முறை மேலாளர், "நீங்கள் ஓவர்லோடு அடிக்கிறீர்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார். எடை மேடைச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் அளவுக்குள்தான் ஏற்றுகிறேன். இது உண்மையிலேயே தேய்மானமா, வண்டியின் குறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பணிமனையில் முப்பது வருடம்

தம்பி, நீங்கள் சொன்னதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கியது பிரேக் ஆயில் கொதித்ததால் இருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும் என்றால், ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகையில் இவை 230, 155. கொதித்தவுடன் உள்ளே நீராவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, நீராவி அமுங்கும், அதனால்தான் பெடல் கீழே போகிறது. வண்டிக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டது. மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடம் வரை காத்திருக்காதீர்கள், ஆயிலை இப்போதே முழுவதும் மாற்றிவிடுங்கள். ஆயில் தொட்டியின் மூடியில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,450 மீட்டர். லோடுடன் 3 டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு தூரம் இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல், 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் இன்ஜினும் காற்றும் எடுத்துக்கொள்வது போக மீதி அத்தனையும் பிரேக்குக்குள்தான் போக வேண்டும். அதனால் நியூட்ரலில் இறக்குவதோ, டீசலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைப்பதோ உங்களிடம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். டீசல் வண்டியில், நாம் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை இன்ஜினோடு ஓடும் பம்ப்தான் தருகிறது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது.

இனி நடுக்கம். அதற்கு முன் ஒரு கேள்வி, உண்மையைச் சொல்ல வேண்டும்: பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்திருக்கிறீர்களா?

பதில்: திம்பம் ரோடு

நானும் சத்தியமங்கலத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறேன். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்து, ஆற விட்டு மறுபடி அழுத்துவேன். என் முன் பேட் 30,000 கிலோமீட்டர் தாண்டுகிறது. 11,000 என்பது எனக்கும் விசித்திரமாகத்தான் தெரிகிறது.

கேள்வி கேட்டவர்: காரமடை லோடு வண்டி

நியூட்ரல் பழக்கம் இல்லை; பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் இறங்குகிறேன். பட்டை விஷயம் உண்மை. முதல் பழுதுக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட்டில், பின்பக்கம் தாழ்கிறது என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்தேன். இங்கே எல்லா வண்டிக்காரர்களும் செய்வதுதான். இதற்கும் முன்பக்கப் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை.

பதில்: பணிமனையில் முப்பது வருடம்

சம்பந்தம் இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னால், சேஸிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பெரும்பாலான பிக்கப்களில் உண்டு. லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், அந்தக் கம்பி வால்வின் கையை மேலே தள்ளும், பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் கூடும். காலி வண்டியில் கம்பி கீழே இருக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். வண்டியில் எவ்வளவு எடை என்று அந்த வால்வுக்குத் தெரிய ஒரே வழி, சேஸிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதுதான். நீங்கள் பட்டை சேர்த்துச் சேஸிஸைத் தூக்கி வைத்துவிட்டீர்கள். ஒன்றரை டன் கேரட் ஏற்றிய பிறகும் அது வண்டி காலி என்றே நினைக்கிறது. பின் சக்கரத்தின் டிரம் பிரேக் சும்மா சுற்றி வருகிறது. வேலை முழுவதும் முன் டிஸ்க்கின் தலையில் விழுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. வெப்பம் அளக்கும் துப்பாக்கி ஒன்று இப்போது மருந்துக்கடையில்கூடக் கிடைக்கிறது, ஆனால் அது காய்ச்சல் பார்ப்பது. 400 டிகிரி வரை காட்டும் பட்டறைத் துப்பாக்கியாக வாங்குங்கள். மலை இறங்கி முடித்தவுடன் நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதி வையுங்கள். கூடவே வால்வின் கையை விரலால் அசைத்துப் பாருங்கள். கழுவிய கேரட்டை ஈரத்தோடு ஏற்றுகிறீர்கள், தண்ணீர் அடியில் சொட்டிக்கொண்டே வருகிறது. அந்த மூட்டு துருப்பிடித்து இறுகிப்போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

லேத் விஷயமும் சரியில்லை. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். இரண்டு முறை தேய்த்த டிஸ்க் அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் அது சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் கோணும். தேய்ப்பதற்கு முன் டயல் கேஜ் வைத்து எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்களா, டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைத் துடைத்துத் துரு எடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். ஹப்பில் ஒட்டியிருக்கும் துரு ஒரு முடியளவு இருந்தாலும் டிஸ்க் கோணலாகத்தான் உட்காரும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று உறுத்துகிறது. முதல் பழுது பட்டை சேர்ப்பதற்கு முன்னால் வந்தது. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அப்போது கழற்றிய பேட் எங்கே?

கேள்வி கேட்டவர்: காரமடை லோடு வண்டி

பணம் கட்டியது நான் என்பதால் கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் ஒரு கேரட் சாக்கில் சுற்றிப் போட்டிருந்தேன். இன்று எடுத்து அளந்து பார்த்தேன். வலது சக்கரத்தின் இரண்டு பேட்டும் ஏறக்குறைய ஒரே அளவு, 5 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. இடது சக்கரத்தின் வெளிப் பேட்டில் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. உள் பேட்டில் லைனிங்கே இல்லை, இரும்புத் தகடு பளபளக்கிறது.

பதில்: பணிமனையில் முப்பது வருடம்

இதைத்தான் எதிர்பார்த்தேன். தேய்மானம் என்றால் நான்கும் சேர்ந்து தேயும். பிஸ்டன் அழுத்தும் உள் பேட் மட்டும் தீர்ந்து, வெளிப் பேட் அப்படியே இருந்தால் பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான 'பின்' (pin) என்னும் தண்டு இறுகிவிட்டது என்று பொருள். காலிப்பர் தேய்மானப் பொருள் அல்ல. முதல் முறையே பின்னை இழுத்துப் பார்க்காமல் பேட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றால், அது அவர்கள் தவறு. பட்டை சேர்த்தது உங்கள் தவறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி யாரும் யார் தலையிலும் வைக்க வேண்டாம்.

பதில்: கோவையிலிருந்து, நுகர்வோர் வழக்கில் அலைந்தவன்

நான் வழக்கறிஞர் அல்ல. என் சொந்த வழக்குக்காக நானே படித்து வாதாடியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஜாப் கார்டுகளை (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் வேலைச் சீட்டுகளை) எடுத்து, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் "ஸ்டியரிங் நடுங்குகிறது" என்று சொல்லியிருப்பீர்கள். அவர்கள் "பிரேக் செக்" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார்கள். பிறகு வழக்கு என்று போனால் அந்த இரண்டு சொல்தான் சாட்சி. அடுத்த முறை நீங்கள் சொல்வது அப்படியே எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாரண்டி மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ், என்ன காரணத்துக்காக என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே மின்னஞ்சலில், "இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

வணிக வண்டிக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், பொருட்படுத்தாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7)ஆம் பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று இருக்கிறது. வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், வேறு வண்டி இல்லை என்பது இங்கே உங்களுக்குப் பெரிய பலம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்பது காலக்கெடு. உங்கள் முதல் பழுதின் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புது வண்டி வேண்டும் என்று கேட்காதீர்கள். பாகத்தைச் சரிசெய்வதாக மட்டுமே வாரண்டி சொல்லும்போது முழு வண்டியை மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமே ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. காலிப்பர், டிஸ்க், பேட் ஆகியவற்றின் செலவும் ஓட்டமில்லாத நாள்களின் இழப்பும் என்று அளவோடு கேளுங்கள். குறையைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையமே தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வழியுண்டு. ஆகவே அந்தச் சாக்கைத் தொலைத்துவிடாதீர்கள். வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிவு செய்யுங்கள். பல நேரங்களில் அதற்கே பதில் வந்துவிடும்.

இன்னொன்று. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளின் பாதுகாப்புக் குறைகளை அரசின் வாகன் தளத்தில் பதிவு செய்யும் ஏற்பாடு 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஒரே மாடலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் சேர்ந்தால் திரும்பப் பெறும் உத்தரவு வரை போகலாம். உங்கள் ஒருவருடைய புகாரால் நாளைக்கே ஒன்றும் நடந்துவிடாது, ஆனாலும் போட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: காரமடை லோடு வண்டி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெப்பத் துப்பாக்கி வாங்கினேன். மலை அடிவாரத்தில் நிறுத்தி அளந்தபோது முன் இடது 310, முன் வலது 265, பின் டிரம் இரண்டும் 80க்குக் கீழே. பெரியவர் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது. வால்வின் கை அசைகிறது, துரு இல்லை. ஆனால் முழு லோடிலும் அது காலி வண்டி நிலையிலேயே நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாளே பட்டையைக் கழற்றிவிட்டேன். பின்பக்கம் பழையபடி தாழ்கிறது, தாழட்டும்.

பிறகு சாக்கோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேலாளர் முதலில் பட்டையைப் பற்றித்தான் பேசினார். சேர்த்தது உண்மை, ஆகஸ்ட் மாதத்து ரசீது இதோ, ஆனால் இந்தப் பேட் ஜூனில் கழற்றியது என்று ஜாப் கார்டையும் பக்கத்தில் வைத்தேன். அவர் பேட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பேசவில்லை. ஃபோர்மேனை அழைத்து வண்டியை ஏற்றச் சொன்னார். இடது காலிப்பரின் கீழ்ப் பின்னைக் கையால் இழுக்க முடியவில்லை. சுத்தியல் தட்டித்தான் எடுத்தார்கள். டிஸ்க் தடிமன் அச்சிட்ட அளவுக்கு அரை மில்லிமீட்டர் கீழே இருந்தது.

இடது காலிப்பரை வாரண்டியில் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்க் இரண்டுக்கும் என்னையே பணம் கட்டச் சொல்கிறார்கள். தேய்த்து மெலிய வைத்தது அவர்கள்தானே என்று கேட்டதற்கு, தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறோம் என்கிறார்கள். 1915இல் பதிவு செய்துவிட்டேன். பிரேக் ஆயிலையும் மாற்றியாகிவிட்டது.

பதில்: பணிமனையில் முப்பது வருடம்

வலது காலிப்பரின் பின்னையும் அவர்கள் எதிரிலேயே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 265 டிகிரி எனக்குப் பிடிக்கவில்லை. பின் டிரம்மையும் கழற்றி, உள்ளிருந்து அழுத்தும் ஷூவை அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள், இவ்வளவு நாள் வேலை செய்யாமல் கிடந்தது அது. புதுப் பேட் போட்டால் முதல் 200 கிலோமீட்டர் மலைக்குப் போகாமல், சமவெளியில் மெதுவாக அழுத்தி அழுத்திப் படிய வையுங்கள். அதன் பிறகு முழு லோடுடன் இறங்கி, நான்கு சக்கரத்தின் வெப்பத்தையும் இங்கே போடுங்கள். பின் டிரம் 150ஐத் தொட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.