கம்மி விலை ஷாட்கன் மைக்கில் அப்பாயி பாட்டைப் பதிவு செய்தேன், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

வரப்புவெளி:

வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாயிக்கு 78 வயது. சின்ன வயதிலிருந்து நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே கிடந்தவர், நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் சேர்த்து எப்படியும் நாற்பது பாட்டுக்குக் குறையாமல் மனப்பாடம். இப்போது எங்கள் பக்கம் நடவு மிஷின் வந்துவிட்டது, வயலில் பாடுகிற ஆளே இல்லை. அப்பாயியோடு சேர்ந்து நட்டவர்களில் பாட்டு தெரிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். போன மாதம் அப்பாயி காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார், அப்போதுதான் எனக்கு உறைத்தது, இதை இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று.

ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு ஒரு ஷாட்கன் மைக் (நீளக் குழல் மாதிரி இருக்குமே, அது) வாங்கினேன். ஒரு ஏஏ பேட்டரி போடுகிற வகை, 3.5 எம்.எம். பின். கேமரா தலையில் மாட்டி, ஆள் முழுசாகத் தெரியட்டும் என்று எட்டடி தள்ளி ஸ்டாண்டு போட்டு, ஹாலில் நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னேன். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டேன். போட்டுக் கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஸ்ஸ்ஸ் என்று ஒரு இரைச்சல் மேலே ஏறி வருகிறது, மறுபடி பாட ஆரம்பித்ததும் அடங்குகிறது. அடுப்படியில் அம்மா பாத்திரம் வைத்த சத்தம் பாட்டுக்குச் சமமாகக் கேட்கிறது. ஷாட்கன் என்றால் நேரே இருப்பதை மட்டும்தான் எடுக்கும், தூரத்தில் இருந்தாலும் எடுக்கும் என்று பார்த்த வீடியோவில் எல்லாம் சொன்னார்களே?

போனில் சொருகிப் பார்த்தேன், மைக் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. கேமராவில் ஹெட்போன் சொருக இடம் கிடையாது, அதனால் எடுக்கும்போதே கேட்டுப் பார்க்க வழியில்லை. இதை விற்றுவிட்டுப் பணம் சேர்த்துப் பெரிய மைக் வாங்குவதா? அதற்குள் மாதங்கள் ஓடிவிடுமே என்று பயமாகவும் இருக்கிறது. இன்னொன்று, மைக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் அப்பாயி பாட்டை நிறுத்திவிட்டு அதையே பார்க்கிறார்.

கம்புபிடி:

மைக்கை விற்காதீர்கள். நீங்கள் சொன்ன குறைகளில் முக்கால்வாசி அந்த எட்டடியால் வந்தவை.

சென்னையில் ஒன்பது வருடமாகக் குறும்படம், ஆவணப்படம் என்று பூம் (நுனியில் மைக் கட்டிய நீட்டு கம்பு) பிடிக்கிறேன். ஷாட்கனை ஜூம் லென்ஸ் மாதிரி நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அது தூரத்துச் சத்தத்தைக் கிட்டே இழுத்து வராது, பக்கவாட்டில் வருவதைக் கொஞ்சம் அமுக்கும், அவ்வளவுதான். குழலின் ஓரத்தில் வரிசையாகக் கீறல் மாதிரி துவாரங்கள் இருக்கும், பாருங்கள். சத்தத்தை வாங்குகிற கேப்சூல் குழலின் அடியில் இருக்கிறது. நேர் எதிரே இருந்து வரும் சத்தம், முன்வாயில் நுழைந்ததும் துவாரத்தில் நுழைந்ததும் கேப்சூலுக்கு ஒன்றாக வந்து சேரும். பக்கத்திலிருந்து வருவது ஒவ்வொரு துவாரத்திலும் நுழைந்து முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துபோகும்.

ஆனால் குழலின் நீளத்துக்கு அடங்குகிற அலைகளுக்குத்தான் இது நடக்கும். 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை சுமார் 34 செ.மீ. நீளம். 200 ஹெர்ட்ஸ் என்றால் 1.7 மீட்டர். உங்கள் குழல் ஒரு சாண் இருக்குமா? அப்படியானால் மேல்ஸ்தாயிச் சத்தத்தை மட்டும்தான் அது ஒழுங்காக அமுக்கும், பம்புசெட், லாரி மாதிரி கனத்த சத்தத்தை அவ்வளவாகத் தொடாது. விலை கூடின மைக்குக்கும் இதே கணக்குதான், படப்பிடிப்புகளில் காலம் காலமாகப் புழங்குகிற சென்ஹைசர் எம்.கே.எச். 416 நீளமே 25 செ.மீ.தான். அதையும் எட்டடியில் வைத்தால் அந்த ஹாலில் கிணற்றுக் குரல்தான் கிடைக்கும், இரைச்சல் மட்டும் குறைவாக இருக்கும்.

ஏன் கிணறு? உங்கள் ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்று நினைக்கிறேன். அப்பாயி குரல் நேராக வருவது ஒரு பங்கு என்றால் சுவரிலும் தரையிலும் பட்டு வருவது அதைவிட அதிகம், அந்த எதிரொலி பக்கவாட்டில் குழலுக்குள் நுழைந்து கொஞ்சம் வெட்டுப்பட்டு கொஞ்சம் தப்பித்து அலங்கோலமாக வந்து சேருகிறது. பாத்திரச் சத்தமும் அப்படித்தான், மேல்ஸ்தாயிச் சத்தமாச்சே ஏன் அமுங்கவில்லை என்று கேட்டால், அது அப்பாயிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பட்டு மைக்குக்கு நேராகத் திரும்பி வருகிறது.

தூரம் பாதியானால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடும். எட்டடியை நாலடியாக்கி, நாலை இரண்டாக்கினால் 12 டெசிபல். எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும், குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கும். பெரிய மைக் வாங்கினாலும் இந்த 12 டெசிபலை அது கொடுக்காது.

அந்த ஸ்ஸ்ஸ் கேமராவின் ஆட்டோ கெயின். ஆள் பாடாதபோது கேமரா தானாகவே சத்தத்தை ஏற்றுகிறது, கூடவே அதன் சொந்த இரைச்சலும் ஏறுகிறது. மெனுவில் சவுண்ட் ரெக்கார்டிங் ஆட்டோவில் இருக்கும், மேனுவலுக்கு மாற்றிக் குறைத்து வையுங்கள். மைக்கில் +10 டெசிபல் சுவிட்ச் இருந்தால் (டாக்ஸ்டார் எஸ்.ஜி.சி. 598 மாதிரி மைக்குகளில் உண்டு) அதைப் போட்டுக்கொண்டு கேமரா பக்கம் இன்னும் குறையுங்கள். உரக்கப் பாடும்போது கேமராவின் சத்த மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். ஒப்பாரியில் திடீரென்று குரல் எகிறும், அதற்கு இடம் வேண்டும்.

உப்புக்காத்து:

போன் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் மைக் பின்னில் கறுப்பு வளையம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால் அது டி.ஆர்.எஸ்., கேமராவுக்கானது. போனுக்கு மூன்று வளையம் உள்ள டி.ஆர்.ஆர்.எஸ். வேண்டும். இரண்டு வளையப் பின்னைச் சொருகினால் போனுக்கு மைக் வந்ததே தெரியாது, தன் சொந்த மைக்கிலேயே எடுத்துக்கொண்டிருக்கும். ரோட் எஸ்.சி. 4 என்று இதற்கென்றே ஒரு அடாப்டர் இருக்கிறது, பெயரில்லாதவை இன்னும் மலிவாகக் கிடைக்கும். போனில் எடுத்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து நல்ல பாட்டு ஒன்று பாதியில் நிற்கும்.

மைக்கைக் கிட்டே நீட்டக் கம்பு வேண்டுமே, அதற்குப் பூம் கம்பு வாங்க வேண்டாம். பெயிண்டர்கள் ரோலர் மாட்டுகிற நீட்டு கம்பு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதன் நுனியில் மைக்கின் ரப்பர் பிடியை வைத்துக் கட்டுங்கள். ரப்பர் இல்லாமல் நேராகக் கட்டினால் கை அசைவது எல்லாம் டொக் டொக் என்று விழும். வயரைக் கம்பில் சுற்றி நாலு இடத்தில் டேப் போடுங்கள், தொங்குகிற வயர் கம்பில் இடிக்கிற சத்தத்தை அப்புறம் எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது.

நான் நாகப்பட்டினம் கரையில் எடுக்கிறவன், அதனால் இதையும் சொல்கிறேன். மைக்கோடு வந்த பஞ்சு உறை வீட்டுக்குள்தான். வெளியே மேல்காற்று அடிக்கிற நாளில் முடி வைத்த உறை இல்லாமல் எடுத்தால் படபடவென்றுதான் கேட்கும். எடுத்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு டப்பாவில் மூடி வையுங்கள். இந்த மாதிரி கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் பொரிகிற மாதிரி சத்தம் போடும்.

தோற்பாவை:

மேலே சொன்னவை எல்லாம் சரிதான். எனக்கு ஒரு இடத்தில் மட்டும் கருத்து வேறு. அந்த ஹாலில் ஷாட்கனே வேண்டாம் என்பேன். எதிரொலிக்கிற அறைக்குள் குழல் இல்லாத சின்ன ஹைப்பர்கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்குகிற) மைக்தான் எடுப்பாக இருக்கும், அதற்குச் செலவு செய்ய முடியாது என்றால் அறையை மாற்றுங்கள். கிராமத்தில் இருக்கிறீர்கள், உங்களைவிட வசதி யாருக்கு? கூரைக் கொட்டகை, வைக்கோல்போர், நெல் மூட்டை அடுக்கிய அறை, எல்லாமே சத்தத்தை உறிஞ்சுகிறவை. நான் விழுப்புரம் பக்கம் கூத்துக் கலைஞர்களின் பாட்டை எடுத்ததில் நன்றாக அமைந்த பதிவு, சாணி மெழுகிய தரையும் கீற்றுக் கூரையுமாக இருந்த ஒரு மாட்டுக்கொட்டகையில்தான், மாடுகளை ஒரு மணி நேரம் வெளியே கட்டிவிட்டு எடுத்தது.

முடிந்தால் ஒரு கைரெக்கார்டர் இரவல் வாங்குங்கள். ஜூம் எச்1என் மாதிரி ஒன்று போதும், 3.5 எம்.எம்.மில் உங்கள் மைக்கைச் சொருகலாம், ஹெட்போனும் போடலாம். ஹெட்போன் இல்லாமல் எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தைக்கிற மாதிரி. கேமரா தனியாக ஓடட்டும், ஆரம்பத்தில் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள், பிறகு அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சத்தத்தைச் சுருக்காத கோப்பு) என்று வையுங்கள். எம்.பி.3 வேண்டாம், இந்தக் குரல் திரும்பக் கிடைக்காது.

அப்பாயி நிறுத்திவிடுகிறார் என்றீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முகத்துக்கு நேராகக் கறுப்பாக ஒரு குழாயை நீட்டினால் யாருக்கும் பாட்டு வராது. மைக் தலைக்கு மேலே, சற்று முன்னால், கண்ணில் படாத உயரத்திலிருந்து நெஞ்சைப் பார்த்து இறங்கட்டும். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கட்டி வைத்துவிட்டு, காபி கொடுத்து ஊர்க்கதை பேசுங்கள், அது அங்கே இருப்பதே மறந்துபோகும். அப்புறம் முதல் பாட்டு முடிந்ததும் ஹெட்போனை அவர் காதில் வைத்துப் போட்டுக் காட்டுங்கள். நான் இதைச் செய்யாமல் யாரிடமும் இரண்டாவது பாட்டு கேட்பதில்லை. தன் குரலைத் தானே கேட்ட பிறகு அவர்களே சொல்வார்கள், இந்த இடத்தில் இழுப்பு போதவில்லை, திரும்பப் பாடுகிறேன் என்று.

வரப்புவெளி:

மூவருக்கும் நன்றி. வளையம் எண்ணினேன், இரண்டுதான். ரெக்கார்டர் தஞ்சாவூரில் படிக்கும் ஒரு நண்பனிடம் இருக்கிறது, சனிக்கிழமை வருகிறது. ஒரு சந்தேகம். நாற்காலியில் உட்கார்ந்து பாடும்போது அப்பாயிக்குப் பாட்டின் அடி மறந்து போகிறது, நின்றுகொண்டு குனிந்து நாற்று நடுகிற மாதிரி கை அசைந்தால்தான் பாட்டு தடையில்லாமல் வருகிறது. குனியும்போது மைக்கை எங்கே வைப்பது?

கம்புபிடி:

அப்படியே பாடவிடுங்கள், அவரை உட்காரவைக்க வேண்டாம். குனிந்தால் குரல் தரையைப் பார்த்துப் போகும், மேலே இருக்கிற மைக்குக்கு முதுகுதான் கிடைக்கும். கம்பைக் கீழே இறக்கி, முழங்கால் உயரத்தில் முன்னாலிருந்து வாயைப் பார்த்து மேல்நோக்கிப் பிடியுங்கள், ஒன்றரை அடி தூரம். கீழிருந்து பிடிக்கும்போது மைக்குக்குப் பின்னணியாக வருவது வானமோ கூரையோதான், வெளியில் என்றால் வானத்தில் சத்தம் குறைவு. அவர் நகர்ந்தால் நீங்களும் கூடவே நகருங்கள், ஆக ஸ்டாண்டு வேண்டாம், ஆள் பிடிக்க வேண்டும். கேமராவில் மைக் தெரிந்தால் தெரியட்டும். கனத்த சத்தத்தை வெட்டுகிற லோ கட் சுவிட்ச் மைக்கில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் சத்தத்தையும் எடுத்து வையுங்கள், வெட்டி ஒட்டும்போது தேவைப்படும்.

வரப்புவெளி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வைக்கோல்போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் இருக்கிற சந்தில், காலை ஆறு மணிக்கு, காற்று எழும் முன் எடுத்தோம். தம்பி கேமரா, நான் கம்பு. முதல் நாள் என் கை நடுங்கி மூன்று பாட்டில் டொக் சத்தம் விழுந்துவிட்டது, அதை மறுநாள் திரும்ப எடுத்தோம். இரண்டாம் நாள் அந்த இன்னொரு பாட்டியையும் கூட்டி வந்தோம், இருவரும் எதிரெதிரே குனிந்து நின்று ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடினார்கள், மைக்கை இருவருக்கும் நடுவில் தாழ்த்திப் பிடித்தேன். அப்பாயி ஒவ்வொரு அடி முடிவிலும் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அதே 2,500 ரூபாய் மைக்தான்.

ஹெட்போனைக் காதில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எதுவும் சொல்லவில்லை, ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்துப் பாட்டி காதில் தானே வைத்துவிட்டார்.

இதுவரை 17 பாட்டு ஆகியிருக்கிறது. ஒப்பாரி மட்டும் வீட்டு வாசலில் பாடக் கூடாது என்கிறார். ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று அவரே இடம் சொன்னார், அங்கே காற்று ஓயாமல் அடிக்கும். முடி உறை இன்னும் வந்து சேரவில்லை. உப்புக்காத்து அண்ணே, டெய்லரிடம் பொம்மைக்குப் போடுகிற முடித்துணி இருக்கிறது, அதை வைத்துத் தைத்துக்கொள்ளலாமா?

உப்புக்காத்து:

தாராளமாக. துணியின் அடிப்பக்கம் ரப்பர் பூசியதாக இருந்தால் மட்டும் வேண்டாம். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், அந்தப் பக்கம் மூச்சு வந்தால் மைக்குக்கும் குரல் போகும். முடி வெளியே பார்க்கத் தைத்து, பஞ்சு உறையைக் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டுங்கள்.