டைசனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பால்டிமோர்காரன்:

போன சனிக்கிழமை, 2005 ஜூன் 11, வாஷிங்டன் எம்சிஐ சென்டரில் இருந்தேன். குத்துச்சண்டை முன்னாள் உலக சாம்பியன் மைக் டைசனின் ஃபைட். ஆபீஸில் ஒருவர் வாங்கிய டிக்கெட். அவரால் போக முடியவில்லை, கடைசி நேரத்தில் என் தலையில் கட்டினார். மேல் அடுக்கில் சீட். அங்கிருந்து ரிங் கேரம்போர்டு அளவுதான்.

எதிராளி கெவின் மெக்பிரைட், அயர்லாந்துக்காரர். ஆறரை அடி உயரம், 270 பவுண்டுக்கு மேல் எடை. ஆள் பெரிதே தவிர நடை மெதுவு. பழைய டைசனாக இருந்தால் நாம் உட்கார்ந்து செட்டில் ஆவதற்குள் முடித்திருப்பார். முதல் இரண்டு மூன்று ரவுண்டில் அந்த வேகம் எங்கேயோ மினுக்கியது. அப்புறம் அவ்வளவுதான். ஆறாவது ரவுண்டில் கிளிஞ்சில், அதாவது இருவரும் கட்டிப்பிடித்து நிற்கையில், மெக்பிரைட்டின் கையை முறுக்கினார், தலையால் முட்டினார். நடுவர் ஜோ கோர்டெஸ் இரண்டு பாயின்ட் கழித்தார். ரவுண்டு முடிகிற நேரத்தில் மெக்பிரைட் மேலே சாய்ந்து ஒரு தள்ளு தள்ள, டைசன் கயிற்றோரம் சரிந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அடிபட்டு விழுந்தவர் மாதிரி இல்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் திண்ணையில் உட்காருவாரே, அப்படி. மெல்ல எழுந்து கார்னருக்குப் போனார். ஏழாவது ரவுண்டுக்கு வரவில்லை. பயிற்சியாளர் ஜெஃப் ஃபெனெக் 'போதும்' என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் கத்தியது. டைசன் மைக்கில் அலட்டிக்கொள்ளாமல் பேசினார்: மனசு இதில் இல்லை, பில் கட்டத்தான் ஆடினேன், நீங்கள் எதிர்பார்த்ததைத் தர முடியவில்லை, மன்னியுங்கள், இனி ஆட மாட்டேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, ஏன் என்று உங்களுக்கே தெரியும், அவர் ஜெயிலுக்குப் போன வழக்கு இருக்கிறதே.

வீட்டுக்கு வந்தால் பையன் கேட்கிறான், 'இவர் ஏன்ப்பா இவ்வளவு ஃபேமஸ்?' எங்கே ஆரம்பிப்பது? நீங்கள் எந்த டைசனைப் பார்த்தீர்கள், சொல்லுங்கள்.

மூலைக்காரன்:

அண்ணா, ஆரம்பிக்க வேண்டிய இடம் 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. மைக்கேல் ஸ்பிங்ஸ், அதுவரை தோற்காதவர். 91 செகண்டில் முடிந்தது. நான் நேரில் போகவில்லை, மாமா வீட்டில் டேப்பில் பார்த்தேன். எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்று கணக்கே கிடையாது, கடைசியில் டேப்பே கோடு கோடாகிவிட்டது.

பார்க்காதவர்களுக்கு: எல்லோரும் அவர் அடியைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் தலையைப் பாருங்கள் என்பேன். இரண்டு கையும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், தலை ஒரு இடத்தில் நிற்காது. எதிராளி ஜேப் (முன் கையால் நேராக நீட்டுகிற குத்து) விட்டால் அங்கே தலை இருக்காது. ஒரு அரை அடி பக்கவாட்டில் வந்திருப்பார், அந்த இடத்தில் நின்றால் இவர் கை எட்டும், எதிராளி கை எட்டாது. அங்கிருந்து வலது கையால் விலாவில் ஒன்று. முழங்கை கீழே இறங்கும். அதே வலது கை கீழிருந்து மேலே அப்பர்கட்டாக வரும். ஐந்தடி பத்து அங்குல ஆள் ஆறடி ஆட்களை வீழ்த்திய கணக்கு இதுதான். முதல் குரு கஸ் டமாட்டோ சொல்லிக்கொடுத்தது. குத்துகளுக்கு நம்பர் வைத்திருந்தார்கள். கார்னரிலிருந்து பயிற்சியாளர் கெவின் ரூனி நம்பரைக் கத்துவார், இங்கே கை போகும்.

ஸ்பிங்ஸ் ஃபைட் முடிந்த அதே வருஷக் கடைசியில் ரூனியை அனுப்பிவிட்டார். ஃபைட்களை ஏற்பாடு செய்கிற புரமோட்டர் டான் கிங் வந்தார். அப்புறம் வந்த டேப்களைப் பாருங்கள், தலை நிற்க ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு குத்துக்காகக் காத்திருப்பார். ஜெயிலுக்குப் போனதால்தான் கெட்டார் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆட்டம் அதற்கு முன்பே போய்விட்டது.

ரிங்குக்குள் நடந்ததை நினைவில் வைப்போம், மற்றது கோர்ட் வேலை. இது என் கட்சி.

டோக்கியோ ரிட்டர்ன்:

மூலைக்காரன் சொன்ன நின்ற தலையை நான் பார்த்தேன். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். அப்போது அங்கே கம்பெனி ப்ராஜெக்ட்டில் இருந்தேன். அமெரிக்க டிவி நேரத்துக்காகப் பகலில் நடத்தினார்கள். எதிராளி பஸ்டர் டக்ளஸ் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை, லாஸ் வேகஸில் 42-க்கு 1 என்று பந்தயம். அம்மா இறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது அவருக்கு.

ஜப்பான் கூட்டம் அமைதியாகப் பார்க்கும். அந்த அமைதியில் டக்ளஸின் ஜேப் போய்ப் படுகிற சத்தம் பின்வரிசை வரை கேட்டது. டைசனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டே போனது. வீக்கத்தை அழுத்துகிற இரும்புகூட டைசனின் கார்னரில் இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். உலக சாம்பியன் கார்னரில்! எட்டாவது ரவுண்டில் டக்ளஸை ஒருதரம் கீழே தள்ளினார், டக்ளஸ் எழுந்துவிட்டார். பத்தாவதில் டைசன் விழுந்தார். முட்டி போட்டு, தரையைத் தடவி, மவுத்பீஸைத் தேடி எடுத்து, ஒரு ஓரத்தை மட்டும் பல்லில் கடித்துக்கொண்டு எழப் பார்த்தார். நடுவர் எண்ணி முடித்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த ஜப்பானியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். புரியவில்லை. 'ஹாய்' (ஜப்பானிய மொழியில் 'ஆமாம்') என்று தலையாட்டிவைத்தேன்.

முன்னாள் இண்டி மாணவி:

மூலைக்காரன், 'மற்றது கோர்ட் வேலை' என்கிறீர்கள். அந்தக் கோர்ட் இருந்த ஊரில் நான் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

1992 ஜனவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் விசாரணை தொடங்கியது. முந்தைய ஜூலையில் அழகிப் போட்டிக்கு வந்த 18 வயதுப் பெண்ணை ஹோட்டல் அறையில் வன்புணர்ந்தார் என்பது வழக்கு. டவுன்டவுன் பக்கம் போனாலே டிவி வேன்கள். நடுவில் ஜூரிகளைத் தங்கவைத்திருந்த அத்லெட்டிக் கிளப்பில் தீ. பிப்ரவரி 5 ராத்திரி. தீயணைப்பு வீரர்கள் இருவரும், தங்கியிருந்த ஒருவரும் இறந்துபோனார்கள். ஒரு ஜூரர் விலகிக்கொண்டார், வழக்கு தொடர்ந்தது. பிப்ரவரி 10 குற்றவாளி என்று தீர்ப்பு. ஆறு வருஷம், அதில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே இருந்தார். இன்றுவரை தான் செய்யவில்லை என்றே சொல்கிறார்.

எனக்கு மறக்காதது தீர்ப்பு இல்லை. எங்கள் டிபார்ட்மென்ட் லவுஞ்சில் காபி மெஷின் பக்கத்தில் நடந்த பேச்சு. 'ராத்திரி ஒன்றரை மணிக்கு அவள் ஏன் கூடப் போனாள்?' படித்தவர்கள், மரியாதையானவர்கள், நம்ம ஊர்ப் பையன்களும்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது 23. லேபிலிருந்து ராத்திரி திரும்பும்போது யாரோடு காரில் ஏறுகிறோம் என்று அதற்கப்புறம் யோசித்து ஏறினேன். ஏறினால் என் மேலும் அதே கேள்வி வரும் என்று தெரிந்துபோயிற்று.

வெளியே வந்ததும் நியூயார்க்கின் ஹார்லெமில் வரவேற்பு ஊர்வலம் என்றார்கள். அங்கிருந்த கறுப்பினப் பெண்களே எழுந்து எதிர்த்ததில் அது சுருங்கியது. அவர்களுக்குத் தெரியாத அவருடைய ஏழ்மையா, அவர் வளர்ந்த பிரவுன்ஸ்வில் பேட்டையா?

ஸ்பிங்ஸ் ஃபைட்டைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது அவருக்குப் பிரியாவிடை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை 'தனிப்பட்ட வாழ்வில் சில சறுக்கல்கள்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். விவாகரத்து சறுக்கல். கடன் சறுக்கல். இது வேறு.

பிளெய்ன்ஃபீல்ட் பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரி எழுதியதற்குத் தொடர்ச்சி மாதிரி என்னிடம் ஒன்று இருக்கிறது. அவர் இருந்த ஜெயில் பிளெய்ன்ஃபீல்டில். எங்கள் பள்ளிவாசலும் அதே ஊரில். 1995 மார்ச் 25, விடிகாலையில் விடுதலை. ஜெயிலில் இஸ்லாத்துக்கு வந்திருந்தார், நேராகத் தொழ வருகிறார் என்று செய்தி. ரோடு முழுக்கக் கார், தலைக்கு மேல் ஹெலிகாப்டர்.

உள்ளே அவர் ஒரு வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். முஹம்மது அலி வந்திருந்தார். டைசன் எனக்கு மூன்று வரிசை முன்னால். கழுத்து என்றால் அப்படியொரு கழுத்து, தொப்பி அதற்கு மேல் சின்னதாக இருந்தது. தொழுதார், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார். டான் கிங்கின் ஆட்கள் வெளியே நின்றார்கள்.

அன்றைக்கு நான் அழுதேன், மறைக்கவில்லை. திருந்தி வந்த மனிதர் என்று நினைத்தேன். ஆகஸ்டில் மெக்னீலியோடு ஃபைட், 89 செகண்ட். அப்புறம் பழைய கதை. 98-ல் மேரிலாந்தில் ஒரு சின்னக் கார் மோதலுக்காக இருவரை அடித்து, அதற்கு மறுபடியும் ஜெயில். திருந்தினாரா என்பது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் இடையில். அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியதை எங்களிடமா கேட்க முடியும்?

கம்ப்யூட்டர்காரர்:

97 ஜூன் 28, ஹோலிஃபீல்டோடு நடந்த ஃபைட் பற்றி யாரும் எழுதவில்லையே? நியூஜெர்ஸி அபார்ட்மென்ட், பேச்சலர்கள் காசு போட்டு பே-பர்-வியூ. சாதம் வடிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் ஹோலிஃபீல்ட் காதில் ஒரு துண்டைக் காணோம். 'என்னடா ஆச்சு?' 'கடிச்சுட்டான்டா.' நம்பவில்லை, ரீப்ளே போட்டார்கள். நடுவர் மில்ஸ் லேன் நிறுத்தி, பாயின்ட் கழித்து, மறுபடி விட்டார். அடுத்த காதையும் கடித்தார். டிஸ்க்வாலிஃபை. 3 மில்லியன் டாலர் அபராதம், லைசென்ஸ் பறிப்பு. அந்த ஒரு ராத்திரி சம்பளம் 30 மில்லியன். 2003-ல் அதே ஆள் திவால் மனு கொடுத்தார்.

நாங்கள் அடுத்த ஒரு வாரம் காது ஜோக்காகவே அடித்தோம்.

மூலைக்காரன்:

சகோதரி, படித்தேன். 'கோர்ட் வேலை' என்று எழுதியது அலட்சியமாகத்தான் தெரிகிறது, விளக்கம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆனால் அந்த டேப்பை நான் தூக்கிப்போட மாட்டேன். இரண்டும் ஒரே ஆள் செய்தது. இதை என் மருமகனுக்குச் சொல்லும்போது எந்த வரிசையில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஆல்பனி அக்கா:

நான் உங்கள் எல்லோருக்கும் முந்தின ஆள். 1986 பிப்ரவரி, நியூயார்க் மாநிலத்தில் ட்ராய். என் வீட்டுக்காரர் அங்கே ஆர்பிஐ காலேஜில் பிஎச்டி. காலேஜின் ஐஸ் ஹாக்கி அரங்கில் குத்துச்சண்டை என்றார்கள். அந்தக் குளிரில் வேறென்ன வேலை, போனோம். டைசனுக்கு 19 வயது. எதிரே ஜெஸ்ஸி ஃபெர்குசன். உள்ளூர்ப் பையன் மாதிரி கூட்டம் கத்தியது. அவர் பயிற்சி எடுத்த கேட்ஸ்கில் ஊர் பக்கத்தில்தானே, அங்கே போலீஸ் ஸ்டேஷன் மாடியில்தானே அவர்கள் ஜிம். அங்கி அணியவில்லை, சாக்ஸ்கூட இல்லை, கறுப்பு டிரங்க்ஸ், கறுப்பு ஷூ. ஐந்தாவது ரவுண்டில் ஒரு அப்பர்கட், ஃபெர்குசன் மூக்கு உடைந்தது. எங்களுக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் பேப்பரில் அந்தப் பையன் பேச்சு வந்தது: மூக்கின் நுனியில் அடித்து எலும்பை மூளைக்குள் ஏற்றப் பார்த்தேன் என்று. ஊரே சிரித்தது. கடையில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 'என்ன வாய் பாரு!' டமாட்டோ இறந்து அப்போது மூன்று மாதம்தான். 13 வயதில் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சட்டப்படி கார்டியனாகவும் ஆனவர். அந்தப் பையனை அதட்ட ஒரு ஆள் இருந்தால் அவர்தான், அவரும் போயாச்சு. மிச்சம் இருந்தவர்களுக்கு அவன் பேச்சு டிக்கெட் விற்கிற சரக்கு. அதே வருஷம் நவம்பரில் அப்போதைய சாம்பியன் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து, 20 வயதில் சாம்பியன்.

ஒரு பையன் வளர வேண்டிய வயதில் அவனுடைய குரூரத்தைக் காசு கொடுத்துப் பார்த்தோம். அதற்காக அவன் பின்னால் செய்ததை அவன் கணக்கிலிருந்து எடுக்க மாட்டேன். இண்டி தங்கை சொன்னதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. தம்பி பால்டிமோர், உன் பையனுக்கு எத்தனை வயது?

பால்டிமோர்காரன்:

பதினொன்று, அக்கா. நேற்று ஸ்பிங்ஸ் ஃபைட்டைக் காட்டினேன், ஃபெர்குசன் மூக்குக் கதையும் சொன்னேன். ஜெயிலுக்குப் போனதையும் எதற்கு என்பதையும் அவன் அம்மாவும் நானுமாக உட்கார்ந்து சொன்னோம், அவனுக்குப் புரிகிற அளவுக்கு. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில். வரிசை பற்றி மூலைக்காரன் கேட்டாரே, நாங்கள் ஃபைட்டை முதலில் வைத்தோம். ஜெயிலை முதலில் சொல்லியிருந்தால் ஃபைட்டைப் பார்த்திருக்கவே மாட்டான் என்று என் மனைவி இப்போது சொல்கிறாள். அதுவும் நிஜம்தான்.

கம்ப்யூட்டர்காரர்:

எல்லாம் சரி, இவர் நிஜமாகவே ரிட்டயர் ஆவார் என்று நம்புகிறீர்களா? கடன் இன்னும் தீரவில்லை.

மூலைக்காரன்:

இந்த மாசக் கடைசியில் 39 முடிகிறது. கடன்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். யாராவது கூப்பிட்டு ரிங்கில் ஏற்றுவார்கள், பாருங்கள். அந்த ஃபைட்டுக்கு நான் காசு கட்டுவதாக இல்லை.