திடீரென்று 180 துடிப்பு, ஈசிஜி மட்டும் நார்மல்: இது பதற்றம்தானா?

கேள்வி:
என் மனைவிக்கு 36 வயது. குனிந்து எதையாவது எடுக்கும்போது, சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்குகிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 180 காட்டுகிறது. கழுத்தில் துடிப்பு கண்ணுக்கே தெரியும். கால் மணி நேரத்தில் டக்கென்று நின்றுவிடும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுகிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல். "டென்ஷன்தான்" என்கிறார்கள். இப்போது தனியாகப் பஸ்ஸில் போகவே பயப்படுகிறாள். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில் (இதயப் பிரிவில் செவிலியர்):
மெதுவாக ஏறுகிறதா, சுவிட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் தொடங்குகிறதா? துடிப்பு சீராக இருக்கிறதா, தாறுமாறாகவா? எப்போதாவது மயங்கி விழுந்தார்களா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா?

கேட்டவர்:
ஒரே நொடியில்தான் சிஸ்டர். சீராக இருக்கிறது. மயக்கம் இல்லை, குடும்பத்திலும் அப்படி இல்லை. நின்ற பிறகு நிறையச் சிறுநீர் போகிறது என்கிறாள். இதற்கும் சம்பந்தம் உண்டா?

செவிலியர்:
உண்டு தம்பி. நீங்கள் சொல்வதெல்லாம் எஸ்விடி, அதாவது இதயத்தின் மேல்பகுதி மின்பாதைக் கோளாறால் திடீரென்று வரும் வேகத் துடிப்பு போலத்தான் இருக்கிறது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்தும் இடம் ஏவி முடிச்சு. சிலருக்கு அதில் மின்சாரம் போக இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தால் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை அடிக்கும். சுற்று அறுந்ததும் நார்மல். அப்புறம் எடுக்கும் ஈசிஜியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான். பயத்தால் வருவது பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பெண்கள் சொன்னால் உடனே பதற்றம் என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனாலும் அடிக்கும் நேரத்தில் எடுத்த ஈசிஜி கையில் இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். உடலில் மாட்டிக்கொண்டே ஈசிஜி பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவியில் சிக்காமல் போகலாம். அதேபோல் 7 அல்லது 14 நாள் பதியும், நெஞ்சில் ஒட்டும் பட்டை பற்றிக் கேளுங்கள். வந்தவுடன் பக்கத்தில் ஈசிஜி எடுக்கும் சின்ன கிளினிக் இருந்தாலும் போதும். பழைய ஈசிஜியையும் பத்திரமாக வையுங்கள். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதல் மின்பாதை இருந்தால் அதில் டெல்டா அலை என்ற அடையாளம் தெரியலாம்.

பதில் (எஸ்விடி இருந்தவர்):
எனக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்தது: பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்து, வேறொருவர் காலை 45 டிகிரி தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ரிவர்ட் ஆய்வில் இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. காலைத் தூக்காமல் செய்தபோது 17 சதவீதம்தான். உங்கள் டாக்டரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

செவிலியர்:
நல்ல தகவல். துடிப்பை நிறுத்தக் கழுத்தை அழுத்துவதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தாலோ, துடிப்பு நிற்காமல் போனாலோ 108-ஐ அழையுங்கள்.

கேட்டவர்:
எஸ்விடி உறுதியானால் வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

செவிலியர்:
அவசியமில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி செலுத்தி அந்தக் கூடுதல் பாதையைச் சுடுவதற்கு அப்லேஷன் என்று பெயர். இந்த வகைக்கு வெற்றி 95 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. பேஸ்மேக்கர் தேவைப்படும் ஆபத்து சிறியது, ஆனால் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பார்க்க வேண்டியது எலக்ட்ரோபிசியாலஜி, அதாவது இதயத்தின் மின்னோட்டம் பற்றிய பிரிவு படித்த இதய மருத்துவரை.