லிட்டர் கவர்: சருகுப் போர்வையா, மூடாக்கா?

குழுவினருக்கு வணக்கம்.

மலைச்சரிவு மண் பாதுகாப்புச் சொற்பட்டியலில் ‘லிட்டர் கவர்’ (litter cover, மண்ணை மூடிக் கிடக்கும் சருகு, சுள்ளி) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் இன்னும் முடியாமல் நிற்கிறது. வரைவில் ‘குப்பை மூட்டம்’ என்று இருக்கிறது. குப்பை என்றால் அகற்ற வேண்டியது என்ற எண்ணம் வரும். மூட்டம் என்றதும் தென்மாவட்டத்தாருக்குக் கரிமூட்டம்தான் நினைவுக்கு வரும். மண்ணைக் காப்பதற்கு எரிக்கிற வேலையின் பெயர் வேண்டாமே. ‘சருகுப் போர்வை’ என்று வைக்கலாமா? மரத்தடியில் தானாக உதிர்ந்தது, தேயிலையில் கவாத்து (கிளை வெட்டுதல்) முடித்து வரிசை நடுவே பரப்பியது, இரண்டும் அடங்கும்.

---

> ‘சருகுப் போர்வை’ என்று வைக்கலாமா?

ஐயா, மண்ணை மூடப் பரப்பும் தழை, வைக்கோலுக்கு ‘மூடாக்கு’ என்று உழவர் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கும்போது போர்வை எதற்கு? தவிர, போர்வை என்றால் மேலே கிடந்தால் போதும் என்று ஆகிவிடும். இங்கே வேலை செய்வது மண்ணைத் தொட்டுக் கிடப்பதுதான்.

5 மில்லிமீட்டர் மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மண்கட்டியை உடைத்துத் துகளைத் தெறிக்க வைப்பது அந்த மோதல். தெறித்த நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்து மேலே ஏடு கட்டிவிடும், பிறகு நீர் இறங்காமல் ஓடும். உயரமான மரக்கிளைகள் இதைத் தடுப்பதில்லை. தேக்கு போன்ற அகன்ற இலையில் சிறு துளிகள் சேர்ந்து பெருந்துளியாகச் சொட்டும். பத்து மீட்டர் இறங்குவதற்குள் இழந்த வேகத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடும். அடிச்சருகைக் கொளுத்திய தேக்குத் தோப்பில் மண் அரிப்பு கடுமையாவது இதனால்தான்.

மண்ணைத் தொடாத மூடாக்கிலும் கேடு உண்டு. தென்னோலையை மட்டையோடு முழுசாகப் போட்டால் மேடுகளில் பாலம்போல் நிற்கும். துளி தடைபடும், ஆனால் அடியில் ஓடும் நீர் வாய்க்கால் அறுத்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஆகவே மண்ணில் படிந்து கிடப்பது என்ற பொருளில் ‘படிமூடாக்கு’ என்பது என் முன்மொழிவு.

---

‘செத்தை மூடாக்கு’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சுள்ளி, புல், பட்டை எல்லாம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் செத்தை என்றால் ஓலையால் கட்டிய மறைப்பு. அங்குள்ள வாசகர் குழம்புவார். விட்டுவிடலாம்.

படிமூடாக்கு எனக்குச் சரி. வினைத்தொகை என்பதால் படிந்தது, படிவது, படியப்போவது மூன்றையும் தாங்கும். கூடவே அளவுக்கும் ஒரு சொல் வேண்டும். தரையில் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது என்பதை ‘மூடுவீதம்’ எனலாம். அளப்பது எளிது: 10 மீட்டர் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நூறு முடிச்சு. வரிசைக்குக் குறுக்கே மூலைவிட்டமாக விரித்து, மண்ணைத் தொட்ட சருகின்மேல் விழும் முடிச்சுகளை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கையே விழுக்காடு. நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

---

மூடுவீதத்தை ஏற்கிறேன். எடையை வைத்து வரையறுக்காதீர்கள். உலர் வைக்கோல் சதுர மீட்டருக்கு 200 கிராம் சீராகப் பரப்பினாலே மூடுவீதம் 60–70 வந்துவிடும். தடித்த கவாத்துக் கிளை அதே எடையில் பாதிகூட மூடாது. செங்குத்தான சரிவில் வைக்கோலை இரு மடங்காக்குவது நல்லது, மட்கியும் நழுவியும் குறையும்.

பட்டியலின் விளக்கக் குறிப்பில் இவை வரட்டும். முதலில் மேட்டிலிருந்து இறங்கும் நீரைச் சமஉயரக் கோட்டு வாய்க்காலில் (சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் வெட்டியது) திருப்ப வேண்டும். திரண்டு வரும் நீருக்கு எந்தச் சருகும் நிற்காது, மிதந்துபோய்க் கீழ்வரப்பில் குவியும். கிளைகளை முழங்கை நீளத்துக்கு நறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி மிதித்துப் படிய வைக்கணும். நீளவாக்கில் போட்டால் ஒவ்வொரு கிளையும் ஓர் ஓடைக்கு வழிகாட்டி. மென்சருகு அதன்மேல். நழுவும் இடத்தில் முளைக்குச்சியோ தேங்காய்நார் வலையோ தேவை. செடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் விடணும், இல்லையேல் ஈரம் தங்கித் தண்டு அழுகும், கரையானும் ஏறும். வைக்கோலை மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு பயிர் வெளிறும். மேலேயே கிடந்தால் அந்தத் தொல்லை குறைவு.

காலமும் முக்கியம். நீலகிரியில் கவாத்து முடிந்த தோட்டம் மொட்டையாக இருக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் ஆபத்து. கிளைகளை அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போனால் அந்தப் பருவத்துக்கு மூடாக்கே இல்லை.

---

திருத்திய பதிவு: “படிமூடாக்கு: உதிர்ந்தோ பரப்பப்பட்டோ மண்ணைத் தொட்டுப் படிந்து, துளிமோதலைத் தாங்கி, ஓடுநீரைத் தளர்த்தும் உலர்ந்த தாவரப் பொருள். மூடுவீதத்தால் அளக்கப்படும்.” வளர்கிற கொடி, புல் எல்லாம் ‘உயிர் மூடாக்கு’ என்று தனியே.

---

‘தாவரப் பொருள்’ என்பதோடு ‘நீர் ஊடுருவ விடும்’ என்றும் சேருங்கள். பலாவிலை ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஓடு வேய்ந்ததுபோல் ஆனால், மூடுவீதம் நூறு காட்டும். நீர் உள்ளே இறங்காமல் வழுக்கி ஓடும். அகன்ற இலையைச் சுள்ளியோடு கலந்து பரப்பச் சொல்வதும் அதற்குத்தான்.