முன்தீர்ப்பு இருந்தும் நீதிபதி கேட்ட கேள்வி: எங்கள் அனுபவம்

கடலூரிலிருந்து:

அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு கடலூர் கோர்ட்டில் நடந்தது. தாத்தாவின் பூர்வீகச் சொத்து, செம்மண் பூமியில் ஒரு முந்திரித் தோப்பு. அம்மாவுக்குக் கல்யாணம் 1984இல், தாத்தா இறந்தது 2001இல். வழக்கே இந்த இரண்டு வருஷங்களில்தான் நின்றது. 1989இல் பெண்களுக்குப் பங்கு தந்த தமிழ்நாட்டுச் சட்டம், அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 2005 மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. ஆனால் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2015இல் சொல்லியிருந்தார்கள். மாமாவின் வக்கீல் அந்த ரூலிங்கைத்தான் முன்தீர்ப்பாகக் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141வது பிரிவு. எங்கள் ஊர் நீதிபதிக்கு எவ்வளவு இரக்கம் இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது.

வாய்தா வாய்தாவாக வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, 2020 ஆகஸ்ட் 11இல், வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் பழைய தீர்ப்பைத் தள்ளினார்கள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா என்பது பொருட்டில்லை என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது.

அப்போதும் வழக்கு முடியவில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே சொத்து பிரிந்துவிட்டதா என்று கேட்டார் நீதிபதி. பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ அந்தத் தேதிக்கு முன் பிரிந்திருந்தால் 2005 திருத்தம் அதைத் தொடாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்றார் மாமா. அதற்கு அரசு ஆவணம் ஏதாவது உண்டா? பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. அம்மாவுக்குப் பங்கு கிடைத்தது.

புதுச்சேரியிலிருந்து:

மேலே எழுதியவர் சொன்ன அதே மாதிரிக் கேள்வியை விபத்து வழக்கிலும் பார்த்தேன். என் தம்பி இறக்கும்போது வயது 34, எலக்ட்ரீஷியன். சரளா வர்மா தீர்ப்பு (2009) நஷ்டஈடு கணக்கிட ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் அந்த வயதுக்கு 16 என்று வைத்திருக்கிறது. 40 வயதுக்குள் சொந்தத் தொழில் செய்தவர் என்றால் பின்னால் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக அதோடு 40 சதவீதம் கூட்டச் சொல்கிறது, ஐந்து நீதிபதிகளின் பிரணய் சேத்தி தீர்ப்பு (2017). சரி, வருமானம் எவ்வளவு? அதை எந்த முன்தீர்ப்பும் சொல்லாது. சம்பளச் சீட்டு எங்கே என்றது இன்ஷூரன்ஸ் தரப்பு. தம்பிக்கு வேலை கொடுத்துவந்த மேஸ்திரி சாட்சிக் கூண்டேறினார். மாதத்தில் எத்தனை நாள் வேலை, மழைக்காலத்தில் எப்படி என்று நீதிபதியே அவரிடம் கேட்டார். அந்தப் பதிலை வைத்துத்தான் வருமானத்தை முடிவு செய்தார். இதே நிலையில் இருப்பவர்கள் வக்கீலிடம் முதலில் பேச வேண்டியது இந்தச் சாட்சியைப் பற்றித்தான்.